நியூஸ்பேப்பர் பிரஸ்ஸுக்கு சிடிபி எடுக்கறது எப்படி: வயலட், தெர்மல், யுவி மூணையும் வச்சு ஒரு கணக்கு

சிடிபி (கம்ப்யூட்டர் டு பிளேட், அதாவது ஃபில்ம் இல்லாம கம்ப்யூட்டர்ல இருந்து நேரா அச்சு பிளேட்ல எழுதற மெஷின்) வாங்கப் போறோம்னு பேச்சு எடுத்த உடனே வயலட் நல்லதா தெர்மல் நல்லதான்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க. அது கடைசியில கேக்க வேண்டிய கேள்வி. லேசர் எந்த வகைங்கறத விட, அது எழுதற பிளேட் என்ன, அந்த பிளேட்ட எதுல கழுவறோம், ராத்திரி கடைசி பக்கம் ரிலீஸ் ஆனதுல இருந்து பிரஸ்ல மாட்டற வரைக்கும் எத்தனை நிமிஷம் ஓடுது, இதுதான் வருஷக்கணக்கா உங்க கூட இருக்கப்போற விஷயம். மெஷின ஒரு தடவ வாங்கறீங்க, பிளேட்ட தினமும் வாங்கறீங்க. அதனால பிளேட்ட முதல்ல முடிவு பண்ணுங்க, அதுக்கு ஏத்த மெஷின்னு பாத்தா லிஸ்ட் தானா ரெண்டு மூணுக்குள்ள வந்துடும்.

இது தினசரியோ வார இதழோ அடிக்கற வெப் ஆஃப்செட் பிரஸ்ஸ (பேப்பர் ரீல்ல இருந்து ஓடறது) மனசுல வச்சு எழுதினது, ஷீட்ஃபெட் (தாள் தாளா ஓடற) கமர்ஷியல் வேலைக்கு கணக்கு வேற மாதிரி போகும்.

பிளேட்ட எண்ணுங்க

16 பக்க பேப்பர், எல்லா பக்கமும் கலர்னா பக்கத்துக்கு 4 பிளேட் (சியான், மெஜெந்தா, யெல்லோ, பிளாக்), மொத்தம் 64. ஆனா உங்க சிலிண்டர்ல சுத்துவட்டத்துல ரெண்டு பக்கம் உக்காரும், நீங்க ஸ்ட்ரெயிட்டா (ஒரு சுத்துக்கு ரெண்டு காப்பி வர்ற மாதிரி) ஓட்டறீங்கன்னா ஒரே பக்கத்த ரெண்டு தடவ போடணும், அப்ப 128. கலெக்ட்ல ஓட்டினா ரெண்டாவது இடத்துல வேற பக்கம் வந்துடும், திரும்பவும் 64 தான், ஆனா ஒரு சுத்துக்கு ஒரு காப்பிதான் வரும். இதோட எடிஷன் மாத்தற பக்கங்கள், விளம்பரம் மாறுற பக்கங்கள், கீறல் விழுந்து திரும்ப எடுக்கற பிளேட் எல்லாத்தையும் சேருங்க. சாதாரண நாள் கணக்க எடுக்காதீங்க, வருஷத்துலயே அதிக பக்கம் போற நாள எடுங்க.

மொத்த எண்ணிக்கைய விட முக்கியமானது கடைசி அரை மணி நேரம். ஃபீச்சர் பக்கம், விளம்பரப் பக்கம் எல்லாம் சாயங்காலமே வந்துடும், அத எந்த மெஷினும் மெதுவா எடுத்து முடிச்சுடும். முதல் பக்கம், ஸ்போர்ட்ஸ், இன்னும் ரெண்டு நியூஸ் பக்கம்னு 4 பக்கம் கடைசியில ஒண்ணா வந்து விழும், அது 16 பிளேட், ஸ்ட்ரெயிட்னா 32. மணிக்கு 100 பிளேட் எடுக்கற மெஷின்ல ஒரு பிளேட்டுக்கு 36 செகண்ட், 32 பிளேட்டுக்கு 19 நிமிஷம் ஆகும். மணிக்கு 200 எடுக்கறதுல அதே வேலை பத்து நிமிஷத்துக்குள்ள முடியும். இந்த ஒன்பது நிமிஷத்த எடிட்டோரியலுக்கு குடுக்கறீங்களா, வண்டி கெளம்பறதுக்கு குடுக்கறீங்களாங்கறது உங்க முடிவு. ஆனா அந்த ஒன்பது நிமிஷத்துக்கு எவ்வளவு பணம் குடுக்கலாம்னு தெரிஞ்சாத்தான் எந்த வேகத்துல மெஷின் வேணும்னு சொல்ல முடியும்.

புரோஷர்ல போட்டிருக்கற வேகத்த அப்படியே நம்பாதீங்க, அது எந்த ரெசல்யூஷன்ல, எந்த பிளேட் சைஸ்லன்னு கேளுங்க. பத்திரிகைக்கு 1016 இல்லன்னா 1270 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு லேசர் எழுதற புள்ளி) போதும், நியூஸ்பிரின்ட்ல, அதாவது பத்திரிகைத் தாள்ல, ஸ்கிரீன் ரூலிங் (ஒரு இன்ச்சுக்கு அச்சுப் புள்ளி எத்தனை வரிசைங்கறது) 100 எல்பிஐ பக்கம்தான் நிக்குது, அதுக்கு மேல ரெசல்யூஷன ஏத்தினா நேரம்தான் போகும், பேப்பர்ல வித்தியாசம் பெருசா தெரியாது. அடுத்து, லேசர் பக்கம் மணிக்கு 200 வந்தாலும் பின்னாடி இருக்கற பிராசஸர் (பிளேட்ட கழுவற மெஷின்) அந்த வேகத்துல வாங்கிக்கணும், பஞ்ச் பெண்டரும் (பிளேட்ல ஓட்டை போட்டு, பிரஸ்ல மாட்ட ஓரத்த மடிக்கறது) வாங்கிக்கணும். மூணுல எது மெதுவோ அதுதான் உங்க வேகம்.

இதுல என் கருத்து ஒண்ணு. ஒரே ஒரு பெரிய ஃபாஸ்ட் மெஷின விட ரெண்டு நடுத்தர மெஷின் பத்திரிகைக்கு நல்லது. ஒண்ணு நின்னாலும் பேப்பர் வரும். கமர்ஷியல் பிரஸ்ல ஒரு வேலை நாளைக்குப் போகலாம், பத்திரிகையில நாளைக்குங்கற பேச்சே இல்ல.

இந்த மூணு வழியும் எப்படி வேலை செய்யுது

ஆரம்பத்துல ஃபில்ம் எடுத்து பிளேட்ல எக்ஸ்போஸ் பண்ணினாங்க. அப்புறம் நேரா பிளேட்ல எழுதற மெஷின் வந்தப்ப 488 நானோமீட்டர் ஆர்கான் லேசர், 532 நானோமீட்டர் பச்சை லேசர்னு ஓடுச்சு, சில்வர் பிளேட்டும் போட்டோபாலிமர் (வெளிச்சம் பட்டா இறுகற கோட்டிங்) பிளேட்டும் இருந்துச்சு. 1995 ட்ரூபா அச்சுத் துறை கண்காட்சியில தெர்மல் பெருசா வந்துச்சு, 2000 ட்ரூபாவுல வயலட் வந்துச்சு. சில்வரும் பச்சை லேசரும் இப்ப யாரும் புதுசா வாங்கற நிலையில இல்ல, செகண்ட் ஹேண்ட்ல ரொம்ப மலிவா வந்தாலும் தொடாதீங்க, பிளேட்டுக்கு அலைவீங்க.

வயலட்டுங்கறது 405 நானோமீட்டர் லேசர் டயோடு. ப்ளூ-ரே பிளேயர்ல இருக்கறதும் இதே அலைநீளம்தான், அதனாலதான் டயோடு விலை குறைஞ்சு சிடிபியும் குறைஞ்சுது. இதுல ஓடற போட்டோபாலிமர் பிளேட்டுக்கு ரொம்ப கொஞ்சம் எனர்ஜி போதும், சதுர சென்டிமீட்டருக்கு மைக்ரோஜூல்ல பத்துக்கணக்குல பேசறோம். தெர்மல் பிளேட்டுக்கு மில்லிஜூல்ல நூறு பக்கம் வேணும். ஆயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம். இந்த ஒரு எண்ணப் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் புரியும். கொஞ்சம் எனர்ஜி போதுங்கறதால ஒரு டயோடு, ஒரு வேகமா சுத்தற கண்ணாடி, அவ்வளவுதான், பிளேட் அசையாம இருக்கும், பீம் மட்டும் பறக்கும். அதனால வேகம். அதே சென்சிடிவிட்டிதான் தொந்தரவும், ரூம் லைட் பட்டாலே பிளேட் எக்ஸ்போஸ் ஆகிடும், மஞ்சள் சேஃப்லைட் வேணும், இல்லன்னா பிளேட் உள்ள போனதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் மூடின மெஷினா இருக்கணும்.

தெர்மல் 830 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட். இங்க வெளிச்சம் வேலை செய்யல, சூடுதான் செய்யுது. ஒரு அளவுக்கு மேல சூடு ஏறினாத்தான் கோட்டிங் மாறும், அதுக்குக் கீழ எவ்வளவு பட்டாலும் மாறாது, ஸ்விட்ச் மாதிரி. அதனால டாட் (படத்த உருவாக்கற சின்னப் புள்ளி) விளிம்பு கூர்மையா வரும், லேசர் பவர் லேசா ஏறி இறங்கினாலும் டாட் சைஸ் பெருசா ஆடாது, ரூம் லைட்லயே பிளேட்ட கையாளலாம். ஆனா அவ்வளவு எனர்ஜிய குடுக்கணும்னா ஒரு டயோடு பத்தாது, நிறைய பீம் ஒண்ணா எழுதற ஹெட் வேணும், பிளேட்ட டிரம்ல சுத்திப் பிடிச்சு டிரம்ம சுழட்டணும். ஹெட் போச்சுன்னா செலவு பெருசு. பிளேட்ட டிரம்ல மாட்டி எடுக்கற நேரமும் சேரும், அதனால பத்திரிகைக்குன்னு செய்யற தெர்மல் மெஷின்ல அந்த ஆட்டோமேஷன்தான் விலை. கோடக் இந்தப் பக்கம் நின்னுச்சு, 2005ல தெர்மல் சிடிபி செஞ்ச க்ரியோ கம்பெனிய வாங்கினதும் அதனாலதான் அவ்வளவு முக்கியமாச்சு. ஆக்ஃபா, ஃபியூஜி ரெண்டும் பத்திரிகைக்கு வயலட்ட பலமா கொண்டு வந்தாங்க.

மூணாவது யுவி சிடிபி. ஃபில்ம் காலத்துல ஓட்டின அதே கன்வென்ஷனல் பிளேட்லயே யுவி லேசர் வச்சு எழுதறது. பேசிஸ்பிரின்ட் கம்பெனி இத ரொம்ப முன்னாடியே, அப்ப லேசர் இல்லாம யுவி விளக்கு வச்சு, கொண்டு வந்துச்சு. இதோட பெரிய பலம் பிளேட்தான், நிறைய கம்பெனி செய்யறாங்க, விலையில போட்டி இருக்கு, ஒருத்தர் குடுக்கலன்னா இன்னொருத்தர்ட்ட வாங்கலாம். பலவீனம், இந்த பிளேட்டும் தெர்மல் மாதிரியே நிறைய எனர்ஜி கேக்கும், அதனால டயோடு எண்ணிக்கைய ஏத்தி ஏத்தித்தான் வேகத்த கொண்டு வரணும், ஒவ்வொரு டயோடும் ஒரே பவர்ல நிக்கணும், ஒண்ணு தளர்ந்தா சாலிட்லயும் (முழுசா இங்க் அடிக்கற இடம்) டின்ட்லயும் (புள்ளிகளால வர்ற லேசான சாயல்) மெல்லிசா கோடு விழும்.

இன்க்ஜெட்ல எழுதற பிளேட், பாலியஸ்டர் பிளேட் எல்லாம் உண்டு. சின்ன ஜாப் வேலைக்கு சரி, தினசரிக்கு வேண்டாம்.

கழுவற இடத்துலதான் எல்லாம் இருக்கு

சேல்ஸ்ல வர்றவங்க லேசரப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க, பிராசஸரப் பத்தி ரெண்டு வரி. நீங்க அத தலைகீழா மாத்தணும், ஏன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற பிரச்சனையில பெரும்பங்கு அங்கதான்.

சாதாரண வயலட் போட்டோபாலிமர் பிளேட் எக்ஸ்போஸ் ஆகி வெளிய வந்ததும் ப்ரீஹீட் போகும். லேசர் பட்ட இடத்துல பாலிமர் இறுக ஆரம்பிச்சிருக்கும், அந்த வேலைய சூடுதான் முழுசா முடிக்குது. அப்புறம் ப்ரீவாஷ், மேல இருக்கற பாதுகாப்பு லேயர தண்ணியில கழுவறது. காத்துல இருக்கற ஆக்சிஜன் அந்த இறுகற வேலைய கெடுத்துடும், அத தடுக்கத்தான் அந்த லேயரே போட்டிருக்காங்க. அடுத்து டெவலப்பர், பிஎச் 12 பக்கம் இருக்கற காரம், பிரஷ்ஷோட சேர்ந்து லேசர் படாத இடத்த எடுத்துடும். அப்புறம் ரின்ஸ், கம் (பிளேட்ட பாதுகாக்கப் பூசற பசை), டிரையர்.

ப்ரீஹீட் பிளேட்ல 100 டிகிரி செல்சியஸ கொஞ்சம் தாண்டி நிக்கும், சரியான எண்ண பிளேட் கம்பெனி சொல்லும். டிஸ்பிளேல காட்டற எண்ண பாக்காதீங்க, அது ஓவனோட சூடு, பிளேட்டோட சூடு இல்ல. பிளேட் பின்பக்கத்துல வெப்பம் பட்டா கலர் மாறுற ஸ்டிக்கர ஓரம், நடு, ஓரம்னு மூணு எடத்துல ஒட்டி ஓட்டிப் பாருங்க. சூடு அதிகமா இருந்தா படாத இடமும் லேசா இறுகி பேக்ரவுண்ட்ல லேசா இங்க் சாயல் அடிக்கும், குறைஞ்சா இமேஜ் பலமில்லாம நடு ரன்ல தேயும். பிரஸ்ல ஃபவுண்டன் சொல்யூஷன (பிளேட்ட ஈரமாக்கற தண்ணிக் கலவை) மாத்தி மாத்திப் பாத்தும் ஸ்கம்மிங் (இங்க் ஒட்டக் கூடாத இடத்துல ஒட்டறது) போகல, ஆனா பிளேட்டோட ஒரு ஓரத்துல மட்டும்தான் வருதுன்னா முதல்ல ப்ரீஹீட்டப் போய் பாருங்க.

டெவலப்பர் நாளாக நாளாக தளரும், அத ஈடு கட்ட சேர்க்கற ரீப்ளெனிஷர் சரியா ஏறணும், அடியில சகதி மாதிரி சேர்ந்து ரோலர்ல ஒட்டி அடுத்த பிளேட்ல புள்ளியா விழும். கழுவின தண்ணியையும் பழைய டெவலப்பரையும் சும்மா சாக்கடையில விடக் கூடாது, சட்டப்படி எடுத்துட்டுப் போக வழி இருக்கணும், அந்த செலவையும் பிளேட் விலையோட சேர்த்துத்தான் எழுதணும்.

இதுக்கு மாத்தா வந்ததுதான் கெம் ஃப்ரீன்னு சொல்ற வயலட் பிளேட். ப்ரீஹீட் உண்டு, ஆனா டெவலப்பர் கிடையாது, நேரா கம் யூனிட்ல போய் கம்மே கழுவி கம்மே பூசி வெளிய விடும். காரம் இல்ல, ரின்ஸ் தண்ணி இல்ல, பிராசஸர் சின்னது, கழுவற வேலை குறைவு. பேர்ல ஃப்ரீன்னு இருக்கறதால ஒண்ணுமே வெளிய போகாதுன்னு நினைக்க வேண்டாம், கரைஞ்ச கோட்டிங் எல்லாம் அந்த கம்லதான் சேருது, அதையும் ஒழுங்கா அகற்றணும். வாங்கும்போது பாத் (தொட்டியில இருக்கற கம்) எத்தனை சதுர மீட்டருக்கு தாங்கும்னு எழுத்துல வாங்குங்க. உதாரணத்துக்கு உங்க பிளேட் 35க்கு 58 சென்டிமீட்டர்னா ஒண்ணு சுமார் 0.2 சதுர மீட்டர், ராத்திரிக்கு 300 பிளேட்னா 60 சதுர மீட்டர், பாத் 3000 சதுர மீட்டர் தாங்கும்னு சொன்னா 50 ராத்திரிக்கு ஒரு தடவ மாத்தணும். இந்தக் கணக்கப் போட்டுப் பாக்காம கையெழுத்து போட வேண்டாம்.

தெர்மல்லயும் டெவலப்பர்ல ஓடறது உண்டு, ஆனா அதுல கவனிக்க வேண்டியது பிராசஸ் ஃப்ரீ பிளேட். எக்ஸ்போஸ் பண்ணின பிளேட்ட அப்படியே பிரஸ்ல மாட்டறது, இங்க்கும் ஃபவுண்டனும் சேர்ந்து தேவையில்லாத கோட்டிங்க முதல் சில காப்பிகள்ல இழுத்துட்டுப் போயிடும். பிராசஸரே இல்ல, கெமிக்கல் வாங்கறது இல்ல, அந்த ரூம்ல நின்னு கழுவற வேலை இல்ல, அதுல கை வச்சு வேலை பாக்கறவங்க உடம்புக்கு எவ்வளவு நல்லதுன்னு சொல்லணுமா. ஆனா மூணு விஷயத்த நேர்ல பாத்துட்டுத்தான் எடுக்கணும். ஒண்ணு, பிளேட்ல இமேஜ் மங்கலாத்தான் தெரியும், எந்தப் பக்கம் எந்தக் கலர்னு பிரஸ்காரர் வெறும் கண்ணால படிக்க சிரமப்படுவார், கேமரா வச்சு ரிஜிஸ்டர் (நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரறது) பாக்கற பெண்டரும் அந்த மார்க்க பிடிக்கணும். ரெண்டு, வெளிச்சத்துல எத்தனை நேரம் வைக்கலாம்னு வரம்பு உண்டு, சாயங்காலமே எடுத்து வச்ச பிளேட் நடுராத்திரி வரைக்கும் வெறும் டியூப்லைட்டுக்குக் கீழ கெடந்தா என்ன ஆகும்னு கேளுங்க. மூணு, ஸ்டார்ட் அப் வேஸ்டேஜ் ஏறுதா. பத்திரிகை பிரஸ்ல முதல்ல கொஞ்சம் காப்பி எப்படியும் வேஸ்டுதான், அதுக்குள்ள பிளேட் சுத்தமாயிட்டா பிரச்சனையே இல்ல, உங்க பிரஸ்ல அப்படி ஆகுதான்னு உங்க பிரஸ்லயேதான் பாக்கணும்.

அப்ப எத எடுக்கறது

தினமும் பல எடிஷன், ராத்திரி கடைசி நிமிஷ நெருக்கடி, ஒரு லட்சத்துக்கு மேல ரன் இருக்கற இடம்னா கெம் ஃப்ரீ வயலட் பக்கம்தான் நான் நிப்பேன். வேகத்துக்கு வேகம், சர்வீஸ் செலவும் கட்டுக்குள்ள. பேக் பண்ணாத (ஓவன்ல சுட்டு இறுக்காத) போட்டோபாலிமர் பிளேட்டே பொதுவா லட்சத்துக்கு மேல தாங்கும், பத்திரிகை ரன்னுக்கு அது தாராளம். கெம் ஃப்ரீ பிளேட்டுக்கு மட்டும் ரன் லெங்த்த தனியா கேட்டுக்கோங்க, பிளேட்டுக்கு பிளேட் மாறும்.

ரன் சின்னதாகிட்டு வருது, அதே பிரஸ்ல கோட்டட் பேப்பர்ல இன்செர்ட், மேகசின் மாதிரி நல்ல குவாலிட்டி வேலையும் ஓட்டறீங்க, 120 எல்பிஐக்கு மேல போகணும்னா தெர்மல், அதுலயும் முடிஞ்சா பிராசஸ் ஃப்ரீ. பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி பத்திரிகைக்கு இத சொல்ல தயக்கம் இருந்திருக்கும், இன்னைக்கு ரன் லெங்த் குறைஞ்சதுலயும் கெமிக்கல் அகற்றற செலவு ஏறினதுலயும் கணக்கு மாறிடுச்சு.

வார இதழ், இல்ல ராத்திரிக்கு நாப்பது அம்பது பிளேட் மட்டும் எடுக்கற சின்ன தினசரி, டெவலப்பர் கழுவற பழக்கம் ஏற்கனவே இருக்குன்னா யுவி போதும். ஃபில்ம்ல இருந்து நேரா மாறுறவங்களுக்கு பிளேட்டும் கெமிக்கலும் மாறாது, பழகினதுதான்.

எத எடுத்தாலும் ஒரு நிபந்தனை வைங்க, உங்க மெஷின்ல ஓடற பிளேட்ட குறைஞ்சது ரெண்டு கம்பெனி செய்யணும். மெஷின சும்மா தர்றோம், அஞ்சு வருஷம் எங்க பிளேட்ட வாங்குங்கன்னு வர்ற ஒப்பந்தம் முதல்ல இனிக்கும், ஆனா அலுமினியம் விலை ஏறினா பிளேட் விலை எப்படி ஏறும், உங்க பிளேட் எண்ணிக்கை குறைஞ்சா என்ன அபராதம், அந்த பிளேட் வகைய கம்பெனி நிறுத்திட்டா என்ன தருவாங்க, இந்த மூணையும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. ஒரு பிளேட்டோட உண்மையான விலைன்னு எழுதும்போது பிளேட், கெமிக்கல், தண்ணி, கரண்ட், ஓவன் சும்மா சூடா நிக்கற நேரம், சர்வீஸ் கான்ட்ராக்ட், லேசர் மாத்தற செலவு, திரும்ப எடுக்கற பிளேட் எல்லாத்தையும் கூட்டி பழைய பிளேட்ட ஸ்க்ராப்புக்குப் போடற வருமானத்த கழிங்க. அந்த ஒரு எண்ணுலதான் மூணு வழியையும் ஒப்பிடணும்.

டெமோ எப்படி பாக்கணும்

அவங்க ஷோரூம்ல அவங்க ஃபைல்ல பாக்கற டெமோ ஒண்ணுக்கும் உதவாது. உங்க போன வார பேப்பர எடுத்துட்டுப் போங்க, அதுல சின்ன எழுத்து கிளாஸிஃபைடு பக்கம் ஒண்ணு, இருட்டா ஒரு போட்டோ பக்கம், நாலு கலர் பேக்ரவுண்ட்ல வெள்ளை எழுத்து வர்ற விளம்பரம் ஒண்ணு கண்டிப்பா இருக்கட்டும். கூட ஒரு டெஸ்ட் பேஜ்ல 1ல இருந்து 99 சதவீதம் வரைக்கும் டின்ட், ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல் நாலு பிக்சல் செக்கர்போர்டு போடுங்க. இந்த மூணு செக்கர்போர்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே சாயல்ல தெரிஞ்சா எக்ஸ்போஷர் சரி, ஒரு பிக்சல் கட்டம் மட்டும் அடைஞ்சோ வெளுத்தோ போனா பவரோ ஃபோக்கஸோ தள்ளியிருக்கு. அதே பக்கத்த பிளேட்டோட நாலு மூலையிலயும் நடுவுலயும் போட்டுப் பாருங்க, நடுவுல நல்லா இருந்து ஓரத்துல சொதப்பற மெஷின் நிறைய.

அப்புறம் அந்த பிளேட்ட உங்க பிரஸ்ல, உங்க ஃபவுண்டன்ல, உங்க பிளாங்கெட்ல (பிளேட்ல இருந்து இங்க்க வாங்கி பேப்பருக்குக் குடுக்கற ரப்பர் ஷீட்), முழு வேகத்துல ஓட்டுங்க. உங்க அதிகபட்ச ரன் எவ்வளவோ அது வரைக்கும் ஓட்டி முதல் காப்பியையும் கடைசி காப்பியையும் பக்கத்துல வச்சு 3 சதவீத, 5 சதவீத டின்ட் இன்னும் இருக்கான்னு லூப்ல (பூதக்கண்ணாடி) பாருங்க. நடுவுல பிரஸ்ஸ பத்து நிமிஷம் நிறுத்தி திரும்ப ஓட்டிப் பாக்கணும், வெப் பிரேக் ஆனா (ஓடற பேப்பர் அறுந்தா) நெஜத்துல அதுதான நடக்கும், நின்னு காஞ்ச பிளேட் எத்தனை காப்பியில சுத்தமாகுதுங்கறது பெரிய வித்தியாசம். பிளேட்ட ரெண்டு வேற வேற பேட்ச்ல இருந்து கேட்டு வாங்குங்க.

மாட்டினதுக்கு அப்புறம் கர்வ் போடற வரிசை

கர்வ்னா ஃபைல்ல இருக்கற டின்ட் சதவீதத்த பிளேட்டுக்கு எவ்வளவா மாத்தி அனுப்பணும்ங்கற அட்டவணை. இந்த வரிசைய மாத்தக் கூடாது. முதல்ல பிராசஸர் சரியா இருக்கணும், சூடு, வேகம், பாத். அப்புறம்தான் லேசர் பவரும் ஃபோக்கஸும். அது நிலைச்ச பிறகு பிளேட் ரீடர் வச்சு டின்ட்ட அளங்க, 50 சதவீதம் அனுப்பினா பிளேட்ல எவ்வளவு உக்காருதுன்னு. சரியா 50 வரணும்னு உயிர விட வேண்டாம், தினமும் ஒரே எண் வரணும், அதுதான் முக்கியம். 52 வந்தா தினமும் 52 வரட்டும். இன்னைக்கு 52, நாளைக்கு 48னு ஆடிச்சுன்னா கர்வ் போட்டு ஒண்ணும் ஆகாது, திரும்ப பிராசஸர்ட்ட போங்க.

பிளேட் நிலையானதும் பிரஸ்ல டெஸ்ட் ஃபார்ம் ஓட்டி டாட் கெயின் (பேப்பர்ல டாட் எவ்வளவு பெருக்குதுங்கறது) அளந்து பிரஸ் கர்வ் போடுங்க. ஐஎஸ்ஓ 12647-3 பத்திரிகைக்கு நடு டோன்ல 26 சதவீத கெயின்னு வச்சிருக்கு, நாலு கலரும் சேர்ந்த மொத்த இங்க்க 240 சதவீதத்துக்கு மேல போக விடாதீங்க, நியூஸ்பிரின்ட்ல அதுக்கு மேல போனா பின்பக்கம் தெரியும், கையில ஒட்டும். நெகட்டிவ் ஃபில்ம்ல இருந்து சிடிபிக்கு மாறுறவங்க இதுல கவனமா இருங்க. நெகட்டிவ்ல எக்ஸ்போஸ் பண்றப்ப வெளிச்சம் பக்கவாட்டுல கசிஞ்சு டாட் பிளேட்லயே கொஞ்சம் பெருத்துடும், வருஷக்கணக்கா உங்க போட்டோ டிபார்ட்மென்ட் அந்த பெருக்கத்துக்கு ஏத்த மாதிரிதான் படத்த லைட்டா பண்ணிட்டு இருக்காங்க. சிடிபியில அந்தப் பெருக்கம் இல்ல, அதனால முதல் நாள் பேப்பர் வெளுத்துப் போன மாதிரி வரும், உடனே பிரஸ்காரர் இங்க்க ஏத்துவார், ஷேடோ அடைச்சுக்கும், எல்லாரும் மெஷின குறை சொல்வாங்க. கர்வ்ல நடு டோன தூக்கிக் குடுத்தா போதும், இங்க் பழைய டென்சிட்டியிலயே நிக்கட்டும்.

ஒரே ஒரு யூனிட்ல மெஜெந்தா அதிகமா வருதுன்னா அத பிளேட் கர்வ்ல சரி பண்ணாதீங்க. பிளாங்கெட் பிரஷரோ ரோலர் செட்டிங்கோ ஏதோ இருக்கு, பிரஸ் நோய பிளேட்ல மறைச்சா அடுத்த வாரம் பிளாங்கெட் மாத்தினதும் எல்லாம் தலைகீழாகும்.

ரிஜிஸ்டர்

லேசர் எவ்வளவு துல்லியமா எழுதினாலும் பஞ்சும் பெண்டும் தப்பினா நாலு கலர் ஒண்ணா உக்காராது. சிடிபிக்குள்ளயே பஞ்ச் பண்ணிட்டு அந்த ஓட்டைய வச்சே எழுதற மெஷின் ஒரு வகை, இமேஜ்ல இருக்கற மார்க்க கேமராவுல பாத்து பஞ்ச் பண்ணி பெண்ட் பண்றது இன்னொரு வகை. ரெண்டாவது நல்லது, ஆனா விலை. ஒரு பக்கத்தோட நாலு கலரையும் ஒரே மெஷின்ல, அடுத்தடுத்து, ஒரே பாக்ஸ் பிளேட்ல எடுக்கற மாதிரி க்யூவ செட் பண்ணுங்க, ரெண்டு மெஷின் இருக்குங்கறதுக்காக சியான இங்க, யெல்லோவ அங்கன்னு பிரிக்க வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவ ஒரே ஃபைல ரெண்டு தடவ எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சு மூலை மார்க்க லூப்ல பாருங்க.

இன்னொண்ணு, பக்கத்துல எழுத்து எல்லாம் பிளாக்ல மட்டும் இருக்கணும்னு எடிட்டோரியல் பக்கம் கறாரா சொல்லிடுங்க. கடைசி நேரத்துல ஒரு தலைப்பு மாறினா அப்ப ஒரு பிளேட் எடுத்தா போதும், எழுத்து நாலு கலர்ல இருந்தா நாலும் எடுக்கணும், மாட்டணும், திரும்ப ரிஜிஸ்டர் பாக்கணும்.

தினசரி பராமரிப்புல ரூம் வெப்பமும் ஈரப்பதமும் நிலையா இருக்கறது, ஃபில்டர மாத்தறது, தூசி வராம பாக்கறது, பிளேட்டுக்கு நடுவுல வர்ற பேப்பர் சிக்காம பாக்கறது, யுபிஎஸ், பழைய ஸ்டாக்க முதல்ல எடுக்கறது, அவ்வளவுதான். நியூஸ்பிரின்ட் தூசி பறக்கற பிரஸ் ஹால்லயே சிடிபிய வைக்காதீங்க, கதவு போட்ட தனி ரூம் வேணும். வெளியில இருந்து வந்த பிளேட் பாக்ஸ ஒரு நாள் அந்த ரூம்லயே வச்சு ரூம் சூட்டுக்கு வந்த பிறகு பிரிங்க.

சர்வீஸ் எத்தனை மணிக்கு வருவாங்கன்னு கேக்கும்போது பகல் நேரத்த வச்சு பேச விடாதீங்க, ராத்திரி பதினோரு மணிக்கு மேல போன எடுக்கறது யாரு, ஸ்பேர் எங்க இருக்கு, ரிமோட்ல பாக்க முடியுமான்னு கேளுங்க. அதே பிளேட் சைஸும் அதே பஞ்சும் வச்சிருக்கற வேற ஒரு பிரஸ் கூட முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க, உங்களுக்கு ரெண்டு மெஷினும் நின்னா அங்க எடுத்துட்டு வரலாம், அவங்களுக்கும் அதே உதவி.

கடைசிப் பணத்த குடுக்கறதுக்கு முன்னாடி நடத்த வேண்டிய சோதனையையும் ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. உங்க அதிகபட்ச பக்க எண்ணிக்கையில, உங்க ஆளுங்களே மெஷின ஓட்டி, இன்ஸ்டால் பண்ண வந்த இன்ஜினியர் கை வைக்காம, தொடர்ந்து ஒரு வாரம் டெட்லைன்குள்ள கடைசி பிளேட் பிரஸ்ல ஏறணும். ஒவ்வொரு ராத்திரியும் கடைசி பக்கம் ரிலீஸ் ஆன நேரம், கடைசி பிளேட் பெண்டர விட்டு வெளிய வந்த நேரம், திரும்ப எடுத்த பிளேட் எத்தனை, ஏன்னு ஒரு நோட்டுல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து போடட்டும். அந்த வாரத்துல ஏதாவது ஒரு ராத்திரி தவறினா எண்ணிக்கை திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும்னு அதுலயே ஒரு வரி சேத்துடுங்க.